கடைசி ஸ்கூட்டை எந்தக் கையில் போடுவது? 101 ரம்மியில் கை விடும் கணக்கு

கடலூர்ப் பக்கம் திருவந்திபுரத்தில் மறுநாள் காலை முகூர்த்தம் என்றால், முதல் நாள் ராத்திரி மண்டபத்து மாடியில் ஒரு ஜமுக்காளம் விரிந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை வந்தால் தேவனாம்பட்டினத்தில் வலை பின்னுகிற நிழலிலும் இதே ஆட்டம்தான். ரெண்டு கட்டு, நாலைந்து பேர், ஒரு பழைய நோட்டு. ஆட்டம் பாதியைத் தாண்டி எல்லோர் பெயருக்கு நேரேயும் 50, 60 என்று ஏறிய பிறகு கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "என்னப்பா, ஸ்கூட்டா, ஆட்டமா?" அதாவது, கையை விடுகிறாயா, ஆடுகிறாயா?

அந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்பதுதான் விஷயம். போக்கரில் சீட்டைக் கவிழ்த்துப் போட்டால் அதுவரை வைத்ததோடு போகும். ரம்மியில் கையை விடுவதற்கே விலை உண்டு, அந்த விலை ஆட்டத்தின் தொடக்கத்திலும் கடைசியிலும் ஒன்றாக இருக்காது. எழுதுவது 20தான், ஆனால் 15-ல் இருக்கும்போது எழுதும் 20-ம் 70-ல் இருக்கும்போது எழுதும் 20-ம் ஒன்றல்ல.

முதலில் மேசை விதி. பேசுவது 13 சீட்டு, 101 ஆட்டம். ரெண்டு கட்டோடு ரெண்டு பேப்பர் ஜோக்கர் சேர்த்து 106 சீட்டு. முதல் சீட்டு எடுக்கும் முன்பே விட்டால் 20, அது முதல் ஸ்கூட். ஒரு சீட்டு எடுத்த பிறகு எப்போது விட்டாலும் 40, அதுதான் மிடில் ஸ்கூட். இன்னொருவர் ஷோ காட்டி, அதாவது பதிமூன்றையும் சேர்த்துக் காட்டி ஜெயிக்கும்போது மாட்டினால் அதிகபட்சம் 80, அதாவது ஃபுல். தப்பான ஷோவுக்கும் 80. 101-ஐத் தொட்டால் அவுட். ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி எல்லாம் பத்து. ஜோக்கருக்குப் புள்ளி இல்லை. வீட்டுக்கு வீடு சில்லறை மாற்றம் இருக்கும், அதனால் முதல் கை பிரிக்கும் முன்பே இதைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டத்துக்கு 2025-ல் மத்திய சட்டமே தடை போட்டுவிட்டது. இங்கே சொல்வது நோட்டில் புள்ளி எழுதும் ஆட்டத்துக்கு.

20, 60, 80

இந்த மூன்று எண்களையும் உங்கள் ஸ்கோருக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

20 வரை இருந்தால் ஒரு ஃபுல் வாங்கினாலும் 100-ல் நின்றுவிடலாம். 21 ஆனதும் ஒரே ஃபுல்லில் கதை முடியும். 60 வரை மிடில் ஸ்கூட் உண்டு. 61-ல் கிடையாது, 40 சேர்ந்தால் 101. அதாவது 61-க்கு மேல் ஒரு சீட்டை எடுத்துவிட்டால் பிறகு பின்வாசல் இல்லை, ஷோ வரும்வரை உட்கார்ந்தே ஆக வேண்டும். 80 வரை முதல் ஸ்கூட் உண்டு. 81 ஆனால் அதுவும் போச்சு, வருகிற கை எதுவானாலும் கட்டாய ஆட்டம்.

கையில் எத்தனை ஸ்கூட் மிச்சம் என்பதும் இதே வகையில் படிப்படியாக இறங்கும். 1 முதல் 20 வரை நான்கு, 21 முதல் 40 வரை மூன்று, 41 முதல் 60 வரை ரெண்டு, 61 முதல் 80 வரை ஒன்று. 42-ம் 59-ம் நோட்டில் தூரமாகத் தெரியும். ஸ்கூட் கணக்கில் ரெண்டும் ஒரே படி. 60-க்கும் 61-க்கும் ஒரு புள்ளிதான் வித்தியாசம், ஆனால் ஒரு ஸ்கூட்டும் மிடிலும் சேர்ந்து போகின்றன. ஆட்டம் தெரிந்தவர்கள் தங்கள் ஸ்கோரைக் கேட்டால் "55" என்று சொல்லிவிட்டு மனசுக்குள் "ரெண்டு ஸ்கூட்" என்று நினைப்பது இதனால்தான்.

201 ஆடுகிறவர்களுக்கு ஸ்கூட் 25, மிடில் 50. அங்கே எல்லைகள் 120, 150, 175. மற்றபடி எல்லாக் கணக்கும் இதேதான்.

கையைப் பார்ப்பது

சீட்டை விரித்ததும் பலர் முதலில் ஜோக்கரைத் தேடுகிறார்கள். முதலில் தேட வேண்டியது ஒரிஜினல், அதாவது ஜோக்கர் சேராமல் ஒரே இனத்தில் வரிசையாக நிற்கும் ரம்மி. அது கையில் இல்லாமல் மாட்டினால், ரெண்டு செட்டும் (ஒரே எண் சீட்டுகள் சேர்ந்தது) மூன்று ஜோக்கரும் வைத்திருந்தாலும் ஒவ்வொரு சீட்டும் எண்ணப்படும். ஜோக்கர் தவிர்த்த ஒரு சீட்டுக்குச் சராசரி ஏழு புள்ளிக்கு மேல் வரும். பதிமூன்று சீட்டுக்கு அது எங்கே போய் நிற்கும் என்று பெருக்கிப் பாருங்கள். ஆக ஒரிஜினல் இல்லாத கைக்கு "கொஞ்சம் தோற்பது" என்பதே கிடையாது. அது ஃபுல், அல்லது ஃபுல்லை ஒட்டிய எண்.

ஜோக்கர் பற்றி ஒரு கணக்கு. ஜோக்கராக வெட்டிய எண்ணில் மொத்தம் எட்டு சீட்டு, ஒன்று மேசையில் கிடக்கும்; மிச்சம் ஏழு, பேப்பர் ரெண்டு, ஆக ஒன்பது ஜோக்கர் புழக்கத்தில். பத்துக் கையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு ஜோக்கர்கூட வராது. நான்கில் ஒன்று வரும். மீதி மூன்றில் ரெண்டோ அதற்கு மேலோ. "எனக்கு மட்டும் ஜோக்கரே வர்றதில்ல" என்கிற புலம்பலுக்கு இவ்வளவுதான் விளக்கம்.

ஒரிஜினல் இல்லையென்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது எத்தனை இரட்டைக் காத்திருப்பு என்று. ஆட்டின் (ஹார்ட்ஸ்) 6, 7 இருந்தால் 5-ம் ஆகும், 8-ம் ஆகும். ரெண்டு கட்டில் நான்கு சீட்டு. 6, 8 என்று நடுவில் ஓட்டை இருந்தால் 7 மட்டும்தான், ரெண்டே சீட்டு. நான்கு சுற்றுக்குள் கட்டிலிருந்து நான்கு சீட்டு எடுப்பீர்கள், உங்களுக்கு முன் ஆடுபவர் நான்கு சீட்டு இறக்குவார். ஆக எட்டு சீட்டு உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் வரும். அவர் உங்கள் கையை மோப்பம் பிடிக்காமல் இறக்குகிறார் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு இரட்டைக் காத்திருப்பு அந்த நான்கு சுற்றில் ஒரிஜினல் ஆக 31 சதவீதம்தான் வாய்ப்பு. ரெண்டு இருந்தால் 53. மூன்றுக்கு 69. நான்குக்கு 80. நடு ஓட்டை ஒன்று மட்டும் என்றால் 17. "ஆறு எட்டு இருக்கு, ஏழு வந்தா ஒரிஜினல்" என்று உட்காருகிறவர்கள் ஆறில் ஒரு வாய்ப்பை நம்பி உட்காருகிறார்கள்.

இதிலும் கழிக்க வேண்டியது உண்டு. நீங்கள் காத்திருக்கும் சீட்டே வெட்டிய ஜோக்கராக இருந்தால் அதை எவரும் கீழே போட மாட்டார்கள். அந்தப் பக்கம் கட்டிலிருந்து வந்தால்தான் உண்டு. காத்திருக்கும் சீட்டு ரெண்டும் கீழே போய்விட்டால் அந்தக் காத்திருப்பு செத்தது. இதைக் கவனிக்காமல் மூன்று சுற்று கழித்து "அந்த 8 எங்கடா?" என்று கேட்பவர் மேசைக்கு ஒருவர் இருப்பார்.

இப்போது மூன்று கைகள்.

கிளாவர் 4 ஜோக்கர். வந்த கை: இஸ்பேட் ராஜா, ஜாக்கி, 9, ஆட்டின் ஏஸ், ராணி, 7, டைமன் 10, 6, 2, கிளாவர் ராஜா, 8, 5, 3. கூட்டினால் சரியாக 100. இருப்பதெல்லாம் நடு ஓட்டை. கிளாவர் 5, 3-க்கு நடுவே வேண்டிய 4-ல் ஒன்று ஜோக்கராக மேசையில் மல்லாந்து கிடக்கிறது, இன்னொன்று யாருக்கு வந்தாலும் ஜோக்கர் என்று பொத்தி வைத்துக்கொள்வார். 80 வரை எந்த ஸ்கோரிலும் இது ஸ்கூட். யோசிக்க நேரம் எடுத்தால்கூட மேசைக்கு உங்கள் கை தெரிந்துவிடும்.

ஜோக்கர் 9. கை: ஆட்டின் 5, 6, 7, கிளாவர் ஜாக்கி, ராணி, டைமன் 3, 4, இஸ்பேட் 8, டைமன் 8, இஸ்பேட் 2, கிளாவர் 2, இஸ்பேட் ராஜா, ஜோக்கராக டைமன் 9. ஒரிஜினல் கையிலேயே பிறந்துவிட்டது. ஜோக்கரை ஜாக்கி, ராணியோடு வைத்தால் ரெண்டாவது ரம்மியும் ஆச்சு, 20 புள்ளி குறையும். டைமன் 3, 4-ஓடு வைத்தால் ஏழுதான் குறையும். ஜோக்கர் எப்போதும் கனமான ஜோடிக்கு. வெளியே நிற்பது 37. முதல் சீட்டாக ராஜாவை இறக்கினால் 27, கூடவே எடுத்த சீட்டு; பிறகு எட்டுகளில் ஒன்று போனாலும் இன்னும் இறங்கும். இந்தக் கையை விடுபவர் எதை ஆடுவார்?

மூன்றாவதுதான் சிக்கலான கை. ஜோக்கர் ராஜா. ஆட்டின் 6, 7. இஸ்பேட் 9, 10. டைமன் 2, 3. கிளாவர் 5, 6. கிளாவர் ராஜா, ஒரு பேப்பர் ஜோக்கர். கூடவே இஸ்பேட் ராணி, ஆட்டின் ஏஸ், டைமன் ஜாக்கி. ஒரிஜினல் இல்லை. ஆனால் நான்கு இரட்டைக் காத்திருப்பு, ரெண்டு ஜோக்கர். ஒரிஜினல் விழுந்த அடுத்த நிமிடம் ஜோக்கரை வைத்து ரெண்டாவதும் மூன்றாவதும் நின்றுவிடும். 60-க்குள் இருந்தால் தாராளமாக ஆடலாம், ஏனென்றால் சீட்டு பேசாவிட்டால் 40-ல் வெளியே வர வழி இருக்கிறது. 61-க்கு மேல் என்ன செய்வது என்பதைக் கீழே பார்ப்போம்.

பொதுவான அளவுகோல் வேண்டுமென்றால்: நான்கு பேர் மேசையில் சராசரிக் கை நான்கில் ஒருமுறை ஜெயிக்கும். தோற்கும் மூன்று முறையும் சராசரி 26-க்குள் தோற்க முடியுமானால் ஆடுவது லாபம். அதைத் தாண்டினால் 20 எழுதுவதே மலிவு. தோற்றால் 40 போகும் போல இருக்கிற கைக்கு, ரெண்டில் ஒருமுறையாவது ஜெயிக்கும் தெம்பு இருக்க வேண்டும்.

மிடில் ஸ்கூட்

முதல் ஸ்கூட்டைவிட மிடிலில்தான் அதிகம் தவறு நடக்கிறது. "ஏற்கனவே மூணு சுத்து ஆடியாச்சு" என்பது காரணமே இல்லை. இந்த நொடியில் கையில் ஒரிஜினல் இல்லை என்றால் கேள்வி இதுதான்: எவனாவது ஷோ காட்டும் முன் எனக்கு ஒரிஜினல் விழுமா? விழுந்தால் 25 அளவில் தோற்பீர்கள், விழாவிட்டால் 80. இந்த ரெண்டையும் 40-க்கு எதிரே வைத்துத் தராசு பிடித்தால், நான்கில் மூன்று வாய்ப்பாவது இருந்தால்தான் உட்காரலாம். மேலே பார்த்த எண்களோடு ஒப்பிடுங்கள். இன்னும் நான்கு சுற்று கிடைக்கும் என்றாலே நான்கு இரட்டைக் காத்திருப்பு தேவை. ரெண்டு காத்திருப்போடு "பார்ப்போம்" என்று இருப்பவர் பார்ப்பது ஃபுல்லைத்தான். கூடவே ஜோக்கர் ரெண்டு மூன்று இருந்து, ஒரிஜினல் விழுந்தால் ஜெயிக்கவே வாய்ப்பு என்றால் இந்த அளவைக் கொஞ்சம் தளர்த்தலாம்.

மிடிலின் விலை முதல் சுற்றிலும் 40, ஆறாவது சுற்றிலும் 40. அதனால் ஒருவரும் நெருங்கவில்லை என்றால் ஒரு சுற்று பொறுப்பதில் தப்பில்லை. நெருங்கியதற்கு அடையாளம்: கட்டிலிருந்து எடுத்த சீட்டைக் கையில் சேர்க்காமல் அப்படியே இறக்குவது, அதுவும் தொடர்ந்து ரெண்டு மூன்று முறை. அவருக்கு வேண்டியது ஒரே சீட்டு. சீட்டை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று கையை மூடி மடியில் வைத்துக்கொண்டாலும் அதே அர்த்தம். அப்போது உங்கள் முறை வந்ததும் விட்டுவிடுங்கள். ஷோ விழுந்த பிறகு மிடில் சொல்ல முடியாது.

ஒரிஜினல் கையில் இருந்தால் பெரும்பாலும் மிடில் வேண்டாம். ராஜா, ராணி எல்லாம் இறக்கினால் 40-க்குக் கீழே தானாக வந்துவிடுவீர்கள்.

61 முதல் 80 வரை

ஒரே ஒரு ஸ்கூட் மிச்சம். இங்கே ஒப்பிட வேண்டியது 20 புள்ளியை அல்ல. ஸ்கூட் போட்டால் அடுத்த கையைப் பார்க்காமலே ஆட ஒப்புக்கொள்கிறீர்கள். ஆகவே கேள்வி: இந்தக் கை, கண்ணை மூடிக்கொண்டு வாங்கப்போகும் ஒரு கையைவிட மோசமா? மேலே சொன்ன மூன்றாவது கை, நான்கு காத்திருப்பும் ரெண்டு ஜோக்கரும் கொண்டது, வருகிற சராசரிக் கையைவிட மேல். ஆகவே 61-க்கு மேலும் அதை ஆடுங்கள். ஒரு ஜோக்கர், ரெண்டு காத்திருப்பு என்றால் அது சராசரிதான். விடலாம், விடாமலும் இருக்கலாம்.

அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பது உங்கள் ஸ்கோர் இந்தப் படியின் எந்த முனையில் இருக்கிறது என்பது. 62-ல் ஸ்கூட் போட்டால் 82. அடுத்த கையில் 18-க்குள் தோற்றால் இன்னும் உயிர் இருக்கும். 79-ல் போட்டால் 99. அடுத்த கையில் ஜெயித்தே ஆக வேண்டும், ரெண்டாம் நம்பர் சீட்டு ஒன்று மாட்டினாலே அவுட். அதனால் 60-களின் தொடக்கத்தில் கடைசி ஸ்கூட்டைத் தயங்காமல் போடலாம். 70-களின் முடிவில் குப்பைக் கைக்கு மட்டும்.

மற்றவர்களின் ஸ்கோரையும் நோட்டில் பாருங்கள். ஸ்கூட் போட வழி இருந்தும் போடாமல் ஒருவர் சீட்டை எடுத்தால் அவரிடம் கை இருக்கிறது. 85-ல் இருப்பவர் எடுத்தால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை, அவருக்கு வேறு வழி கிடையாது. மூன்று பேர் மிச்சமிருந்து ஒருவர் கட்டாயத்தில் இருந்தால், சுமாரான கையை விட்டுவிட்டு அவரை வெளியேற்றும் வேலையை இன்னொருவருக்கு விடலாம். கடைசியாக ஆடும் இடத்தில் உட்கார்ந்திருப்பது இங்கே பெரிய வசதி: நான்கு பேர் மேசையில் உங்கள் முறை வருவதற்குள் ரெண்டு பேர் விட்டிருந்தால் எதிரே ஒருவர்தான், சராசரிக் கைக்கே பாதி வாய்ப்பு.

ரெண்டு பேர் மிஞ்சும்போது

மச்சான் 40, சித்தப்பா 88 என்று வைத்துக்கொள்வோம். சித்தப்பாவுக்கு ஒவ்வொரு கையும் கட்டாயம். 13 புள்ளியோடு ஒருமுறை மாட்டினால் முடிந்தது. மச்சானிடம் மூன்று ஸ்கூட். அவசரப்பட வேண்டியவர் மச்சான் இல்லை. பிறந்த ஒரிஜினலோ ரெண்டு ஜோக்கரோ வரும்வரை விடலாம். மூன்று கையில் ஒன்றிலாவது ரெண்டு ஜோக்கர் வர மூன்றில் ரெண்டு பங்கு வாய்ப்பு.

ஆனால் மூன்று ஸ்கூட்டும் ஒரே மாதிரி இல்லை. முதலாவது 60, மிடில் இன்னும் கையில். ரெண்டாவது 80, மிடில் போச்சு. மூன்றாவது 100. அதற்குப் பிறகு மச்சான் எந்தத் தோல்வியிலும் அவுட், ஆனால் சித்தப்பா 12-க்குள் தோற்றால் பிழைத்துக்கொள்வார். முன்னிலையில் இருந்தவர் பின்னுக்குப் போய்விட்டார். அதனால் முதலாவதைத் தாராளமாகவும், ரெண்டாவதை யோசித்தும் போட்டு, மூன்றாவதைப் போடாமல் அந்தக் கையை ஆடிவிடுவதே சரி, முதலில் சொன்ன 100 புள்ளிக் குப்பை வந்தால் ஒழிய.

ரீஜாயின் உள்ள மேசையில் இன்னொரு கணக்கு. அவுட் ஆனவர் மேசையின் அதிகபட்ச ஸ்கோருடன் ஒன்று சேர்த்து உள்ளே வரலாம், அந்த அதிகபட்சம் 79-க்குள் இருந்தால் மட்டும். உள்ளே வருபவருக்கு ஒரு ஸ்கூட்டாவது மிஞ்ச வேண்டும் என்பதற்காக வைத்த எல்லை அது. நீங்கள் 60-ல் இருக்கிறீர்கள், கட்டாயத்தில் இருப்பவர் இந்தக் கையில் விழப்போகிறார் என்றால், உங்கள் ஸ்கூட் உங்களை 80-க்குக் கொண்டுபோகும், அவருக்குக் கதவும் சாத்திவிடும். 58-ல் இருந்தால் ஸ்கூட் 78-ல் நிற்கும், அவர் 79-ல் திரும்ப வந்து உட்காருவார்.

ஆடுவது என்று முடிவு செய்த கையிலும் படியை மறக்க வேண்டாம். 55-ல் இருக்கிறீர்கள், ஒரிஜினலும் ரெண்டாவது ரம்மியும் நின்றுவிட்டன, எதிராளி ஒற்றைச் சீட்டுக்கு நிற்கிறார். கையில் வெளியே இருப்பது 7, 3, 2; எடுத்ததும் ஒரு சீட்டை இறக்க வேண்டும். 7-க்கு ஜோடியாக இன்னொரு 7 வரலாம் என்று வைத்திருந்து 2-ஐப் போட்டால் மிச்சம் 10, கூடவே எடுத்த சீட்டு. ஸ்கோர் 61-ஐத் தாண்டிவிடும். 7-ஐ இறக்கினால் 5. எடுத்தது ஜோக்கராக இருந்தால் 60-லேயே நிற்பீர்கள், ரெண்டு ஸ்கூட்டும் மிடிலும் பத்திரமாக.